வடசென்னையில் தண்ணீர் ராக்கெட்: கோளாறைப் பார்த்து ஏவுமேடையைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு லிட்டர் கூல் டிரிங்ஸ் பாட்டில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், நின்றுகொண்டு அடிக்கிற சைக்கிள் பம்பு ஒன்று. ராக்கெட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான். மேடையில் கவிழ்த்து நிறுத்திய பாட்டிலுக்குள் காற்றடித்து விடுவித்தால், தண்ணீர் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே பாயும். இருந்தும் பலர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையோடு கைவிட்டுவிடுகிறார்கள். ராக்கெட் சாய்ந்தால் இறக்கையை மாற்றுகிறார்கள், உயரம் போதவில்லை என்றால் பாட்டிலை மாற்றுகிறார்கள். கீழே இருக்கிற மேடையைக் குனிந்து பார்ப்பதில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கரிமருந்து மோட்டார் வைத்த ராக்கெட்டைப் பற்றி இங்கே பேசவில்லை. அந்த மோட்டார்கள் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் கீழே வருபவை. உரிமம் இல்லாமல் வாங்கவும் கூடாது, வீட்டில் கலக்கவும் கூடாது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் எண்ணெய்க் கிடங்குகளும் இருக்கிற ஊரில் நெருப்போடு மேலே போகும் எதையும் விடக் கூடாது. தண்ணீர் ராக்கெட்டில் நெருப்பு இல்லை. ஆனால் அழுத்தம் இருக்கிறது. அதை மதித்து நடந்தால் போதும்.

எந்த மேடை?

மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன.

ரப்பர் கார்க்கில் ஃபுட்பாலுக்குக் காற்றடிக்கும் ஊசியைக் குத்திச் செய்வது முதல் வகை. கார்க் எப்போது பிடியை விடுகிறதோ அப்போதுதான் ராக்கெட் கிளம்பும். எப்போது, எந்த அழுத்தத்தில் என்பது உங்கள் கையில் இல்லை. வகுப்பறையில் ஒருமுறை காட்டலாம், அதற்கு மேல் இதற்காக நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டாவது, தோட்ட ஹோஸுக்குப் போடும் கிளிக் கனெக்டர். பாட்டில் மூடியில் அதன் ஆண் பாகத்தைப் பொருத்தி, பெண் பாகத்தை மேடையில் வைப்பார்கள். இதன் துளை ஏறத்தாழ 9 மி.மீ. தண்ணீர் மெதுவாக, நீண்ட நேரம் வெளியேறும். சிறிய மைதானத்துக்கு இது நல்லது.

மூன்றாவது, கேபிள் டை காலர் மேடை. கேபிள் டை என்பது ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. மேடையில் நிமிர்ந்து நிற்கும் குழாயின் மேல் பாட்டிலைக் கவிழ்த்துச் செருகுவார்கள். பாட்டிலின் முழுக் கழுத்தும், அதாவது 21.7 மி.மீ. துளையும், திறந்தே இருக்கும். கழுத்து வளையத்தைக் கேபிள் டைகளின் தலைகள் பிடித்திருக்கும். அந்த டைகள் விரியாமல் ஒரு குழாய்த் துண்டு சுற்றி நிற்கும். அதுதான் காலர். காலரைக் கீழே இழுத்தால் டைகள் விரிந்து பாட்டில் பறக்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் பாருங்கள். பாட்டில், மூக்கு, இறக்கை 150 கிராம், தண்ணீர் 600 மில்லி, மொத்தம் 750 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 60 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அளவு), அதாவது சுமார் 4.1 பார். முழுக் கழுத்து வழியே தண்ணீர் பாயும்போது உந்துவிசை 300 நியூட்டனைத் தொடும். 9 மி.மீ. துளையில் அது 53 நியூட்டன்தான். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

அதனால் கிளிக் மேடையில் ராக்கெட் மெதுவாகத்தான் கிளம்பும். முதல் 25 செ.மீ. கடக்கும்போது வேகம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான் இருக்கும். அந்த வேகத்தில் இறக்கைகள் இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. நொடிக்குப் பத்து மீட்டர் வர 90 செ.மீ. வரை கம்பி வழிகாட்ட வேண்டும். காலர் மேடையில் பாட்டிலுக்குள் 25 செ.மீ. குழாய் நின்றாலே, குழாயை விட்டு வரும்போது ஏறத்தாழ அதே பத்து மீட்டர் வேகம் வந்துவிடும்.

சுவர் எழுப்பிய மாநகராட்சி விளையாட்டுத் திடல் என்றால் கிளிக் மேடையும் 30 பிஎஸ்ஐயும் போதும். மாதவரத்தைத் தாண்டி, மீஞ்சூர்ப் பக்கம் வெட்டவெளி கிடைத்தால் காலர் மேடை. இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் காலர் மேடையைச் செய்யுங்கள். அழுத்தத்தைக் குறைத்தால் அதையே சின்ன இடத்திலும் பயன்படுத்தலாம்.

கீழே உள்ளவை பெரும்பாலும் காலர் மேடைக்கானவை. எந்தக் கோளாறைத் தேடும்போதும் அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். காற்று ஏறிய பாட்டிலின் மேல் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

“அடிச்சிக்கினே இருக்கேன், காத்து ஏறவே மாட்டேங்குது”

முதலில் அடிகளை எண்ணுங்கள். 600 மில்லி தண்ணீர் போக மீதி 1.4 லிட்டர் காற்றிடத்தை 60 பிஎஸ்ஐக்குக் கொண்டுவர, நின்று அடிக்கும் நல்ல பம்பில் 20 முதல் 30 அடி ஆகும். நாற்பதைத் தாண்டினால் எங்கோ கசிகிறது. பத்து அடியிலேயே கை கனத்து, அழுத்தம் காட்டும் அளவி மட்டும் நகரவில்லை என்றால் அடைப்பு.

அடைப்பு என்றால் வால்வைப் பாருங்கள். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் டியூப் வால்வுக்குள் ஒரு சிறு ரப்பர் உறை இருக்கும். உள்ளே போகும் காற்று அந்த ரப்பரைத் தள்ளித் திறந்துகொண்டுதான் போக வேண்டும். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டால் கை வலிப்பதுதான் மிச்சம். இந்த வால்வு வேண்டாம். ஸ்கூட்டர், கார் சக்கரத்தில் இருக்கும் ஊசி வால்வைப் போடுங்கள். பஞ்சர் கடையில் டியூப்லெஸ் வால்வு என்று கேட்டால் கிடைக்கும். நட் போட்டு முறுக்கும் உலோக வகை இருந்தால் அதுவே மேல். ரப்பர் தண்டு வகை என்றால் குழாய் முனையை மூடும் ஒரு இஞ்ச் எண்ட் கேப்பில் 11.5 மி.மீ. துளை போட்டு, உள்ளிருந்து வெளியே இழுத்துப் பொருத்த வேண்டும். உள் அழுத்தம் அதை இன்னும் இறுக்கும். வெளியிலிருந்து செருகினால் பிதுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கசிவு என்றால் சோப்புத் தண்ணீர். 15 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவுங்கள். மரை இணைப்பில் குமிழ் வந்தால் டெஃப்லான் டேப்பை அவிழ்த்து, மரை இறுகும் திசையிலேயே ஆறேழு சுற்று சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். ஒட்டிய இணைப்பில் குமிழ் வந்தால் ஒட்டுப் போடாதீர்கள், வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். பிவிசி ஒட்டும் சால்வென்ட் போட்டு முழுதாக ஒரு நாள் விட்ட பிறகுதான் காற்று ஏற்ற வேண்டும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே பசையாகவே இருக்கும்.

“கழுத்துல தண்ணி ஒழுகுது”

பெரும்பாலும் குழாய் மாறிப் போயிருக்கும். இதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிற தப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குளிர்பான பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 21.7 மி.மீ. கடையில் “அரை இஞ்ச் பைப்” என்று கேட்டால் நான்கில் எதுவும் கைக்கு வரலாம். வெள்ளை யூபிவிசி அரை இஞ்ச், வெளிவிட்டம் 21.3. வேளாண்மைக்குப் போகும் 20 மி.மீ. பிவிசி, வெளிவிட்டம் 20. வெந்நீருக்கான மஞ்சள் நிற சிபிவிசி அரை இஞ்ச், வெளிவிட்டம் 15.9. அதே சிபிவிசியில் முக்கால் இஞ்ச் கொடுத்தால் 22.2, கழுத்துக்குள் நுழையவே நுழையாது. நமக்கு வேண்டியது முதலாவது. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளுக்குப் போகும்போது காலி பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள். குழாய் மேல் பாட்டிலைக் கவிழ்த்தால் தன் எடையில் தானாக வழுக்கி இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் தடதடக்கக் கூடாது. தடதடத்தால் அது 20 மி.மீ. குழாய்.

கழுத்துக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள 0.4 மி.மீ. இடைவெளியை ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் அடைக்க வேண்டும். அதற்குக் குழாயில் பள்ளம் வெட்ட வேண்டும். ஷெட்யூல் என்பது குழாய்ச் சுவரின் கனத்தைக் குறிக்கும் வகை எண். ஷெட்யூல் 40 குழாயின் சுவர் 2.8 மி.மீ.தான். அதில் ஒன்றரை மி.மீ. ஆழம் வெட்டினால் மீதி நிற்பது தாள் போல. ஷெட்யூல் 80 வாங்குங்கள், சுவர் 3.7 மி.மீ. பள்ளத்தின் ஆழம் 1.5 மி.மீ., அகலம் இரண்டரை மி.மீ. அதில் 2 மி.மீ. கனமும் 17 முதல் 18 மி.மீ. உள்விட்டமும் உள்ள கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங். கணக்கு இப்படி வரும்: பள்ளத்தின் அடி விட்டம் 18.3, அதன் மேல் இருபுறமும் 2 மி.மீ. ரப்பர், மொத்தம் 22.3. கழுத்து 21.7. ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. நசுங்கும். அடைப்புக்கு அது போதும், பாட்டிலைக் கையால் அழுத்தி ஏற்றவும் முடியும்.

ஹேக்ஸா பிளேடால் பள்ளம் போட்டால் ஓரிடம் ஆழமாகவும் ஓரிடம் மேலாகவும் போகும். லேத் பட்டறையில் கொடுங்கள், சில நிமிட வேலை. பள்ளத்தின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்காவிட்டால் நான்காவது ஏவுதலில் ஓ-ரிங் அறுபடும். எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் நகத்தால் கிள்ளியது போல் பிறை வடிவ வெட்டு தெரியும். அந்த வெட்டைக் கண்டால் ஓ-ரிங்கை மட்டும் மாற்றி விடாதீர்கள், விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

குழாய் சரி, ஓ-ரிங்கும் புதிது, இருந்தும் ஒழுகுகிறது என்றால் மணல். திருவொற்றியூர், எண்ணூர்க் கடற்கரைப் பக்கம் பாட்டிலை ஒருமுறை தரையில் போட்டாலே கழுத்தின் உட்புறம் மணல் ஒட்டிக்கொள்ளும். மேடையைச் சுற்றித் தார்ப்பாய் விரியுங்கள். சிலிக்கான் கிரீஸைப் பட்டாணி அளவுக்கு மேல் தடவாதீர்கள், அதிகமானால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும்.

“நான் இழுக்கவே இல்ல, அதுவா கிளம்பிடுச்சு”

இதை ஆபத்தான கோளாறு என்று எடுத்துக்கொண்டு அன்றைய வேலையை நிறுத்துங்கள். 60 பிஎஸ்ஐயில் பாட்டிலை மேலே தள்ளும் விசை பதினைந்தரைக் கிலோ எடைக்குச் சமம். அது முழுவதும் டைகளின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

பாட்டிலை எடுத்துக் கழுத்து வளையத்தின் அடிப்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். டைத் தலைகள் பிடித்த இடத்தில் வெள்ளைக் கீறல்கள் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி, சுற்றிலும் சமமாக இருந்தால் டைகள் நன்றாகத்தான் பிடித்திருந்தன, காலர்தான் நழுவியிருக்கிறது. கீறல் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகவும் மறுபக்கம் தடமே இல்லாமலும் இருந்தால் டைகளின் உயரம் ஒன்றாக இல்லை. இரண்டு மூன்று டைகளே மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கின்றன.

உயரம் மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்பான பாட்டில்களில் பழைய நீளக் கழுத்து, புதிய குட்டைக் கழுத்து என இரண்டு இருக்கின்றன. வாயிலிருந்து அளந்தால் பழையதன் கழுத்துப் பகுதி 21 மி.மீ., புதியதில் 17 மி.மீ. அந்த 4 மி.மீ. வேறுபாட்டால் டைத் தலை வளையத்தைப் பிடிக்காமல் அதற்கு மேலே வெறும் தோள்பட்டையில் நிற்கும். ஒரு மேடைக்கு ஒரே வகைப் பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். சுவர் மெலிது, கழுத்து அளவும் வேறு, அழுத்தத்துக்காகச் செய்ததும் அல்ல.

டைகளைச் சரியாகக் கட்டும் முறை இது. 4.8 மி.மீ. அகல கறுப்பு டைகள், எட்டிலிருந்து பத்து. தலைகள் எல்லாம் உள்நோக்கி. குழாயின் மேல் நேராகக் கட்டாமல் அரை இஞ்ச் கப்ளர் (இரு குழாய்களை இணைக்கும் துண்டு) மேல் கட்டினால் டைகள் பாட்டில் கழுத்தின் பருமனுக்குச் சற்றேறக்குறைய இணையாக, செங்குத்தாக நிற்கும். முதலில் எல்லாவற்றையும் ஒரு ரப்பர் பேண்டால் பிடித்து, பாட்டிலை ஏற்றி, ஒவ்வொரு தலையும் வளையத்தைத் தொடும்படி இழுத்துச் சமன் செய்து, அதன் பிறகே ஹோஸ் கிளிப்பை முறுக்குங்கள். காலருக்கு 40 மி.மீ. வேளாண் பிவிசி துண்டு பெரும்பாலும் பொருந்தும். ஆனால் குழாயின் அழுத்த வகையைப் பொறுத்து உள்விட்டம் மாறும் என்பதால் கடையிலேயே டையோடு பாட்டிலை நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.

காலர் நழுவுவதைத் தடுக்க அடியில் ஒரு தள்ளு ஸ்பிரிங் வையுங்கள். அதோடு காலருக்குக் கீழே குறுக்காக ஒரு 4 மி.மீ. ஆணி, அதன் தலையில் சிவப்பு ரிப்பன். காற்று ஏற்றுவதற்கு முன் ஆணி உள்ளே இருக்க வேண்டும். எல்லோரும் விலகிய பிறகு கயிற்றால் ஆணியை உருவி, அதற்கப்புறம் காலர் கயிறு. எவ்வளவு அவசரம் என்றாலும் ஆணியை மறக்காதீர்கள்.

வெயிலில் கிடந்த டைகள் நொறுங்கும். விரலால் வளைத்து வெள்ளைக் கோடு விழுந்தால் மாற்றுங்கள். வெள்ளை டைகளைவிடக் கறுப்பு டைகள் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும்.

“கயிற இழுத்தா மேடை சாயுது, பாட்டில் மட்டும் அங்கியே நிக்குது”

இங்கே முதலில் செய்ய வேண்டியது, பக்கத்தில் போகாமல் இருப்பது. காற்றைத் தூரத்திலிருந்தே வெளியேற்ற வழி இருக்க வேண்டும். அதனால்தான் ஊசி வால்வு, அளவி, பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் வால்வு) மூன்றும் மேடையில் இல்லாமல் பம்பு முனையில் இருக்க வேண்டும். வரிசை இதுதான்: பம்பு, ஊசி வால்வு, அதற்கு அப்புறம் ஒரு டீ இணைப்பில் (மூன்று வழி இணைப்பு) அளவியும் இன்னொரு டீ இணைப்பில் பால் வால்வும், பிறகு 8 மீட்டர் நீள 8 மி.மீ. நியூமேடிக் டியூப் (அழுத்தக் காற்றுக்கான வளையும் குழாய்), கடைசியில் மேடை. பால் வால்வு ஊசி வால்வுக்கு முன்னால், பம்புப் பக்கம் போய்விட்டால் அதைத் திறந்தாலும் பாட்டில் காற்று வெளியே வராது. வாங்கிய மேடையாக இருந்தாலும் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பிவிசி குழாய் தண்ணீருக்காகச் செய்தது, காற்றுக்கு அல்ல. உடைந்தால் கூரான சில்லுகளாகச் சிதறும். ஆகையால் அழுத்தக் காற்று நிற்கும் பிவிசி நீளத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிடுங்கள். தூரத்தை நியூமேடிக் டியூபே கடக்கட்டும்.

அழுத்தத்தை இறக்கிய பிறகு காலரைக் கையால் இறக்கிப் பாருங்கள். எளிதாக இறங்கினால் காலரில் கோளாறு இல்லை, கயிறு இழுக்கும் விதத்தில்தான். ஒற்றைக் கயிறு ஒரு பக்கம் இழுத்தால் காலர் சாய்ந்து குழாயோடு இறுகிக்கொள்ளும். பழைய மேசை டிராயரை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் மாட்டிக்கொள்வது போலத்தான். எதிரெதிரே இரண்டு துளை போட்டு, இரு கயிறும் மேடையின் அடியில் ஒரு வளையம் வழியே போய் ஒன்றாகச் சேர வேண்டும். அப்போது நீங்கள் பக்கவாட்டில் இழுத்தாலும் காலர் நேர் கீழே வரும், மேடையும் சாயாது.

மேடை அடிப்பலகை 45 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. மண் தரையில் 20 செ.மீ. ஆணி நான்கு அறையலாம். காங்கிரீட்டில் மூலைக்கு ஒரு செங்கல். கடற்கரை மணலில் ஆணி நிற்காது, மணல் நிரப்பிய சாக்கு இரண்டு போடுங்கள்.

“பம்புக்குள்ள தண்ணி வந்துடுச்சு”

பாட்டிலுக்குள் நிற்கும் குழாய் குட்டை. 600 மில்லி ஊற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் கழுத்திலிருந்து 12, 13 செ.மீ. வரை நிற்கும். குழாயின் மேல்முனை அதற்கு மேலே இருக்க வேண்டும். 25 செ.மீ. வைத்தால் கவலை இல்லை. முனையை அரத்தால் சரிவாக மழுக்கிவிடுங்கள், பாட்டில் தடங்கல் இல்லாமல் ஏறும். தண்ணீர் போன பம்பைப் பிரித்துக் காயவைத்து, தோல் வாஷருக்கு எண்ணெய் விடுங்கள்.

“கிளம்பினதும் சாயுது”

எப்போது சாய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபோனில் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். குழாயை விட்டு வரும் நொடியிலேயே சாய்ந்தால் மேடை. பத்து மீட்டர் போன பிறகு சாய்ந்தால் இறக்கை அல்லது எடைச் சமநிலை. எடைச் சமநிலை என்றால் பெரும்பாலும் மூக்கில் எடை போதவில்லை.

மேடைக் காரணங்கள் மூன்று. ஒன்று, குழாய் நேராக இல்லை. டைல்ஸ் தரையில் உருட்டுங்கள், ஆடி ஆடி உருண்டால் வளைந்திருக்கிறது. மொட்டை மாடி வெயிலில் சாய்த்து வைத்த பிவிசி வளைந்துதான் போகும். இரண்டு, அடிப்பலகை சமமாக இல்லை. ரசமட்டத்தைப் பலகையில் வைக்காமல் குழாயின் பக்கவாட்டில், 90 டிகிரி இடைவெளியில் இரு இடங்களில் வைத்துப் பாருங்கள். மூன்று, ஒரு டை மட்டும் தாமதமாக விடுகிறது. அந்தப் பக்கம் கழுத்து வளையத்தின் கீறல் நீளமாக, மேல்நோக்கி இழுபட்டிருக்கும்.

கிளிக் மேடை என்றால் பெரும்பாலும் வழிகாட்டிக் கம்பிதான் காரணம். ஒரு மீட்டர் நீள 8 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பிகள் மூன்று, 120 டிகிரிக்கு ஒன்றாக, பாட்டிலைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இறக்கைகள் அவற்றுக்கிடையே வர வேண்டும். மேல்முனைகளை, இறக்கைகள் போக இடம் விட்டு, ஒன்றோடொன்று இணைக்காவிட்டால் கம்பிகள் துடிக்கும், அந்தத் துடிப்பே ராக்கெட்டைத் தட்டிவிடும்.

“காலைல நேராப் போச்சு, மத்தியானம் கோணுது”

மேடை நன்றாகத்தான் இருக்கிறது, காற்றுதான் மாறிவிட்டது. கோடையில் காலை ஏழு மணிக்குக் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று, சில நாள் காற்றே இருக்காது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். மணிக்கு 18 கி.மீ. காற்று என்றால் நொடிக்கு 5 மீட்டர். ராக்கெட் பத்து மீட்டர் வேகத்தில் மேடையை விட்டால், காற்று அதைத் தாக்கும் கோணம் 27 டிகிரி. ஐந்தரை மீட்டரில் விட்டால் 42 டிகிரி. இறக்கையுள்ள ராக்கெட் காற்று வரும் பக்கமே மூக்கைத் திருப்பும். ஆக, பிற்பகலில் கடற்கரை ஓரம் விட்டால் அது கடலுக்குள் பாயும், பாராசூட் திறந்தால் காற்றோடு வீடுகள் பக்கம் திரும்பி வரும்.

இதற்கு மேடையைக் காற்று போகும் பக்கம் சாய்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நம் திடல்கள் அவ்வளவு பெரியவை அல்ல. காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். 60 பிஎஸ்ஐயில் இரண்டு லிட்டர் ராக்கெட் 40 மீட்டரைத் தொடும். 45 டிகிரியில் சாய்ந்தால் நூறு மீட்டர் வரை ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு மீட்டருக்குள் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை வந்தால் அந்த இடம் வேண்டாம். மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி. தெருவிளக்குக் கம்பி, மெட்ரோ மேம்பாலம் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல். கம்பியில் மாட்டிய பாட்டிலை எடுக்கத் தொரட்டி தேடக் கூடாது, விட்டுவிட வேண்டும்.

மொட்டை மாடி மேடையைச் சோதிக்கும் இடம், ராக்கெட் விடும் இடம் அல்ல. சோதிக்கும்போது பாட்டில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றுக்கு இடமே இல்லாமல் செய்து, 90 பிஎஸ்ஐ வரை ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். காற்று வழியில் அந்த ரப்பர் தண்டு வால்வு இருந்தால் 60-க்கு மேல் போகாதீர்கள், அதன் தாங்குதிறன் 65 பிஎஸ்ஐதான். தண்ணீர் சுருங்காது என்பதால் எங்காவது விட்டுப்போனாலும் வெடிக்காமல் பீய்ச்சி அடிப்பதோடு நிற்கும்.

“சுத்தமா எல்லாம் சரி, ஆனா உயரம் இல்ல”

அளவி எங்கே இருக்கிறது? பம்பின் அளவி பம்புக்குள் இருக்கும் அழுத்தத்தையே காட்டும், கையை அழுத்தும் நொடியில் எகிறி விழும். ஊசி வால்வுக்கு அப்புறம் வைத்த அளவியை மட்டும் நம்புங்கள். அது சரியாக 60 காட்டியும் உயரம் இல்லை என்றால் தண்ணீர் அளவைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஊற்றினால் கனம்தான் கூடும், தள்ளுவதற்குக் காற்று இருக்காது.

“ஒரே மாசத்துல எல்லாம் துருப்பிடிச்சிடுச்சு”

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்றில் சாதாரண ஹோஸ் கிளிப்பும் ஸ்பிரிங்கும் நிற்காது. 304 தர எஸ்.எஸ். கேட்டு வாங்குங்கள். கிளிப்பின் பட்டை எஸ்.எஸ். ஆக இருந்து திருகு மட்டும் முலாம் பூசிய இரும்பாக இருப்பதும் உண்டு, காந்தம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஓ-ரிங்கைக் கழற்றித் தனியே வைத்து, மேடையை நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். பாட்டிலில் ஆழமான கீறலோ, வெண்மையான மடிப்போ விழுந்திருந்தால் அன்றே கத்தியால் கிழித்துக் குப்பையில் போடுங்கள். முழுதாக விட்டால் அடுத்த வாரம் யாராவது எடுத்து அதில் காற்று ஏற்றிவிடுவார்கள்.